ஹீட்சிங்க்கை நெம்பும் முன்

தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) பொருத்திய எஸ்எஸ்டியை வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து மாட்டினால் மினி பிசியின் மூடி மூடவில்லை. எம்.2 2280 என்ற அளவு 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்பதை மட்டுமே சொல்லும். ஹீட்சிங்க்கின் உயரம் அந்தக் கணக்கில் வராது. சாம்சங் 990 புரோவையே எடுத்துக்கொள்ளுங்கள்: சாதா மாடல் 2.3 மி.மீ. தடிமன், ஹீட்சிங்க் மாடல் 8.2 மி.மீ. பிளேஸ்டேஷன் 5-ல் 11.25 மி.மீ. வரை இடமுண்டு. லேப்டாப்பிலும் சின்ன பிசியிலும் அந்தத் தாராளம் கிடையாது.

உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்பத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. கிளிப்பிலோ திருகிலோ நிற்கும் ஹீட்சிங்க் என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஒட்டும் தெர்மல் பேடு போட்டிருந்தால், அந்தப் பிடி சில நேரம் சிப்பைப் போர்டில் பிடித்திருக்கும் ஈயப் பற்றையே தோற்கடித்துவிடும். மேல்நோக்கி இழுத்தால் தகட்டோடு சிப்பும் வந்துவிடலாம், பக்கத்திலுள்ள கடுகளவு கெப்பாசிட்டரும் உதிரலாம். பிறகு உள்ளே இருந்த படங்களையும் கணக்குகளையும் மீட்பது குதிரைக்கொம்பு.

ஆகவே முதல் பரிகாரம் கழற்றுவதல்ல, மாற்றிக்கொள்வது. திருப்பித் தரும் கெடு முடியவில்லை என்றால் ஹீட்சிங்க் இல்லாத அதே மாடலைக் கேளுங்கள். பெரும்பாலும் விலையும் குறைவு.

வேறு வழியே இல்லையா? பேக்கப் எடுத்துவிட்டு, ஹேர் ட்ரையரால் மிதமாகச் சூடேற்றுங்கள் (ஹீட் கன் கூடவே கூடாது). பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை ஓரத்தில் நுழைத்து மெல்ல அறுத்துக்கொண்டே போங்கள். போர்டு வளையக் கூடாது, இரும்பு எதுவும் இடையில் போகக் கூடாது. அடியிலிருக்கும் லேபிளை உரிக்காதீர்கள். வாரன்டிக்குக் கேட்கும் சீரியல் எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். சில மாடல்களில் வெப்பத்தைப் பரப்பும் தாமிர ஏடும் லேபிளோடு சேர்ந்தே வருகிறது. மாட்டிய பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். பல எஸ்எஸ்டிகளுக்கு நிறுவனம் சொல்லும் வரம்பு 70 டிகிரி. பிசிஐஇ ஜென் 5 வகை எஸ்எஸ்டியை ஹீட்சிங்க் இல்லாமல் மொட்டையாக ஓட்டவே வேண்டாம்.

இனி உரிமை. நெம்பி உடைத்ததற்கு நிறுவனம் வாரன்டி மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அளவைத் தவறாகப் போட்டு விற்றிருந்தாலோ, பொருள் வரும்போதே பழுதாக இருந்தாலோ அது விற்றவர் பொறுப்பு. அமெரிக்காவில், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரன்டி போச்சு என்று மிரட்டிய நிறுவனங்களை அங்குள்ள வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2018-லும் 2024-லும் எச்சரித்தது. அமெரிக்கச் சட்டம் இங்கே செல்லாது. நமக்கு இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லையும் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரப்படுத்திவிட்டு, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.