பண்ருட்டிச் சந்தையும் ரத்தப் பரீக்ஷையும்

பண்ருட்டி என்றவுடன் பலாப்பழத்தை நினையாத தமிழர் இரார். பலாவோடு முந்திரியும், பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவார் மல்லாட்டை என்று வழங்கும் மணிலாக்கொட்டையும் அப்பிரதேசத்தின் செல்வங்களாம். இவற்றுள் இரண்டின் விதைகள் மனிதனுடைய ரத்த அணுக்களை ஆராய்ந்து பார்க்கும் கருவிகளாகவும் உதவுகின்றன என்பதை, அவற்றை மூட்டை கட்டி ஏற்றுமதி செய்யும் வியாபாரிகளிலும், பயிர்செய்யும் குடியானவர்களிலும் எத்தனை பேர் கேள்வியுற்றிருப்பர்?

சிவப்பணுவின் மேற்புறம் வழவழப்பான வெறுந்தோல் அன்று. அதில் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அப்புரதங்களின் மீதும் கொழுப்பின் மீதும் சர்க்கரைத் துணுக்குகள் சங்கிலி கோத்தாற்போல் அடர்ந்து நிற்கின்றன. 1901-இல் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மக்களின் ரத்தத்தை இனம் பிரித்துக் காட்டினாரன்றோ? அந்த ஏ, பி என்னும் வேற்றுமை, சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை நிற்கிறது என்பதைப் பொறுத்ததே. அந்த ஒரு துணுக்கு மாறுபட்டால், உயிர்காக்க ஏற்றிய ரத்தமே உயிரை வாங்கிவிடக்கூடும். வியாதிக் கிருமிகளுக்கும் இம்மேற்புறமே வாயில். வைவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி பெரும்பாலும் டஃபி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டே அணுவினுள் புகுகிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பலருடைய சிவப்பணுக்களில் அப்புரதம் இல்லாமையால், அங்கே இந்த ஜுரம் அரிது. நம்மவர்க்கு அப்பாக்கியம் இல்லை.

இனி விதைகளின் கதைக்கு வருவோம். 1888-இல் டோர்பாட் சர்வகலாசாலையில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர், ஆமணக்கு விதையின் சத்து சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளச் செய்வதைக் கண்டார். சர்க்கரைத் துணுக்குகளைத் தேர்ந்து பற்றும் இத்தகைய புரதங்களுக்குப் பிற்காலத்தில் லெக்டின் என்று பெயரிட்டனர். தேர்ந்தெடுத்தல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. 1951-இல் இந்திய ராணுவ வைத்தியப் பகுதியைச் சேர்ந்த ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட், பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் யாது? கொள்ளு! தக்க அளவில் நீர் சேர்த்த கொள்ளுச் சாறு, ஏ பிரிவினருள் ஏ1 என்னும் உட்பிரிவாரின் அணுக்களை மட்டும் திரட்டும்; ஏ2 அணுக்களை விட்டுவிடும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று மட்டும் அறிந்திருந்த தேசத்தில், அக்கொள்ளே ரத்தப் பரீக்ஷைச் சாலைகளில் ஏறி அமர்ந்தது.

அதே பேர்ட் 1964-இல் மணிலாக்கொட்டையின் குணத்தை வெளியிட்டார். இதனை நேயர்கள் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சிவப்பணுவின் சில சர்க்கரைச் சங்கிலிகள் சியாலிக் அமிலம் என்னும் மூடி அணிந்திருக்கின்றன. அம்மூடியின் கீழ் ஒளிந்திருப்பதை டி என்ற எழுத்தால் குறிப்பர். 1920-களின் இறுதியில் டென்மார்க் தேசத்துத் தாம்ஸென் என்பார் ஆராய்ந்ததால் வந்த பெயர் அது. நிமோனியாவுக்குக் காரணமான நிமோகாக்கஸ் முதலிய கிருமிகள் சில, இம்மூடியைக் கத்தரித்து எறியும் என்ஸைம் ஒன்றைச் சுரக்கின்றன. மூடி போனால் டி வெளிப்படும். வளர்ந்த மனிதர் அநேகமாய் அனைவருடைய ரத்த நீரிலும் டி-யை எதிர்க்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. ஆகவே அணுக்கள் எவருடைய ரத்த நீரோடு சேர்ந்தாலும் திரள்கின்றன. ரத்தப் பிரிவைக் கணிப்போர் திகைக்கின்றனர். சிறு குழந்தைகள் சிலருக்கு இதனோடு சிவப்பணுக்கள் சிதைந்து, சிறுநீரகமும் பழுதுறுகிறது. அரிய வியாதிதான், ஆயினும் கொடியது. பிறருடைய ரத்த நீர் கலந்த ரத்தத்தை ஏற்றாமல், கழுவிய அணுக்களையே ஏற்ற வேண்டும் என்பது பலருடைய கொள்கை. அதில் வைத்தியரிடையே அபிப்பிராய பேதமும் உண்டு. அந்த டி வெளிப்பட்டதா என்பதைக் காட்டிக்கொடுப்பது மணிலாக்கொட்டைச் சாறு. மூடியுள்ள அணுவை அது தொடாது. மூடியிழந்ததை உடனே திரட்டும். நிமோகாக்கஸைத் தடுக்கும் ஊசி 2021 முதல் நாடெங்கும் சர்க்காரால் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று தவணை. தாய்மார் இத்தவணைகளைத் தவறவிடலாகாது.

பலாக்கொட்டையோ வேறு சுபாவமுடையது. அதன் லெக்டின், மூடி இருப்பினும் இல்லாவிடினும் டி-யைப் பற்றும். ஆதலின் மணிலாவைப்போல் பேதம் காட்டாது. எனினும் நம் உடம்பின் காப்புப் புரதங்களுள் ஐ.ஜி.ஏ.1 என்பதைப் பிரித்தெடுக்க அது பெரிதும் உதவுகிறது. 1985-இல் பிரேஸில் தேசத்து ஆராய்ச்சியாளர் அதற்கு ஜாக்கலின் என்று பெயர் சூட்டினர். பலாவுக்குப் போர்த்துகேசியர் வழங்கும் ஜாக்கா என்ற சொல், மலையாளத்துச் சக்கையின் திரிபே! சக்கை கடல் கடந்து ஜாக்கலினாய்த் திரும்பியது. அப்புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்த பெருமை மாத்திரம் நம் நாட்டுடையது: பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். விஜயன், ஏ. சுரோலியா முதலியோர் 1996-இல் அதனை உலகுக்கு வெளியிட்டனர். பலாக்கொட்டைக் குழம்பு உண்போர் அஞ்ச வேண்டா. கொதிநீரில் வெந்தபின் அந்தக் குணம் நில்லாது.

பெங்களூரில் நிகழ்ந்ததைப் பண்ருட்டியும் கடலூரும் அறிந்துகொள்ள வேண்டாமா? நம் கலாசாலைகளில் ரத்தப் பிரிவுப் பாடத்தைப் புட்டியில் வரும் மருந்தைக் கொண்டு நடத்துகின்றனர். மாணவன் விதையைக் காண்பதில்லை. மணிலாவையோ கொள்ளையோ அரைத்து, உப்பு நீரில் ஊறவைத்து, வடிகட்டித் தெளிந்த நீரை எடுப்பது எந்தப் பரிசோதனைச் சாலைக்கும் இயலும் காரியம். நோயாளிக்கு உபயோகிக்க வேண்டுமாயின் அளவும் தரமும் முறையாகச் சோதிக்கப்பட்ட சாறே தேவை. கற்பிப்பதற்கு அது வேண்டியதில்லை. ரத்த நிலையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமோனியாவால் வருந்தும் குழந்தை வெளிறிப்போய்ச் சிறுநீர் குன்றி வாடுங்கால், அதன் ரத்தம் எவருடையதோடும் பொருந்தாமல் திரளுமாயின், பரீக்ஷை பிழைத்தது என்று குழாயைக் கவிழ்த்துவிடாமல், அந்த அணுக்களின் மேல் மணிலாச் சாற்றில் ஒரு துளி விட்டுப் பார்த்தல் வேண்டும்.