அரைப்பாதம் உதைத்த பந்து

உதைபந்தாட்டம் என்றதும் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவது, பதினொருவர் காலாற் பந்தை உருட்டிச் சென்று வலைக்குள் அடிக்கும் ஆட்டமே. ஐக்கிய அமெரிக்காவில் அதே பெயர் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். அங்கே பந்து இரு முனையும் கூரிய நீள்வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடுவர், கையால் எறிவர், ஏந்தி ஓடுபவனை மறித்து நிலத்தில் வீழ்த்துவர். ஆட்டத்தின் பெரும்பகுதியிற் காலுக்கு ஓடுவதன்றி வேறு தொழிலில்லை. றக்பி ஆட்டத்தின் வழித்தோன்றலாதலின் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

எனினும் காலை அவர்கள் முற்றாகத் தள்ளிவிடவில்லை. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. இது டச்டவுன் எனப்படும். அதன்பின் இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தனுப்பினால் மேலும் ஒரு புள்ளி. எல்லைவரை செல்ல இயலாதெனக் கண்டால், தூரத்தில் நின்றபடியே பந்தை நிலத்தில் நிறுத்தி, கம்பங்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக உதைக்கலாம். அது தப்பாது சென்றால் மூன்று புள்ளி. இதற்குப் பீல்ட் கோல் என்று பெயர்.

உதையின் பொருட்டு நிகழ்ந்த வேடிக்கையொன்றை இங்கே கூறுதல் தகும். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி வாஷிங்டன் நகரில் நடைபெற்ற இறுதிப்போட்டியிற் சிக்காகோ அணி 73 புள்ளி பெற்றது; வாஷிங்டன் அணிக்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் மூன்று வாரங்களுக்கு முன்னர் அதே மைதானத்திற் சிக்காகோவை 7க்கு 3 என வென்றிருந்தது வாஷிங்டன் அணிதான். டச்டவுன் மேல் டச்டவுனாகச் சேர, உதைத்த பந்துகள் பார்வையாளரிடையே வீழ்ந்து திரும்பாமற் போயின. பந்துகள் தீர்ந்துவிடும் நிலை வரவே, இனி உதைக்க வேண்டாம், வேறு வழியில் அந்த ஒரு புள்ளியைத் தேடிக்கொள்ளுங்கள் என்று நடுவர்கள் கேட்டுக்கொண்டனர். நாடு முழுவதும் வானொலியில் அஞ்சல் செய்யப்பட்ட முதலாவது இறுதிப்போட்டியும் இதுவே. 73 என்னும் அவ்வெண்ணை எந்த அணியும் இதுவரை கடந்ததில்லை.

இனி, உதையின் தூரத்துக்கு வருவோம். 1953ஆம் ஆண்டிற் பால்டிமோர் அணியைச் சேர்ந்த பேர்ட் ரெச்சிச்சார் 56 யார் தூரத்திலிருந்து பந்தை உதைத்துச் சாதனை நாட்டினார். அச்சாதனை பதினேழு ஆண்டுகள் அசையாதிருந்தது. அதனை அசைத்தவர் பிறவியிலேயே வலப்பாதத்தில் விரல்களும் வலக்கையில் விரல்களும் இல்லாத ஒருவர். அவர் பெயர் தொம் டெம்ப்சி.

1970ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் அந்நகர அணி டெட்ரோயிட் அணியை எதிர்த்தாடியது. உள்ளூர் அணி அந்த ஆண்டு முழுவதிலும் இரண்டே வெற்றி கண்ட எளிய அணி. ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தபோது டெட்ரோயிட் 17க்கு 16 என முந்திக்கொண்டது. எஞ்சியது இரண்டு வினாடி. பந்தோ மைதானத்தின் நடுக்கோட்டையும் தாண்டவில்லை. 63 யாருக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ 190 அடிக்கு அப்பால், கம்பங்கள் நின்றன. எதிரணியினர் சிலர் அந்த முயற்சியைக் கண்டு நகைத்தனர் என்பர். டெம்ப்சி தம் விரலற்ற அரைப்பாதத்தால் உதைத்தார். பந்து சட்டத்துக்கு மேலாகச் சென்றது. 19க்கு 17. அந்தப் பத்தொன்பதிற் பதின்மூன்று புள்ளி அவருடைய ஒரு காலால் வந்தவை.

புகழோடு முறைப்பாடும் எழுந்தது. டெம்ப்சியின் வலக்காற் சப்பாத்து அவருக்கென்றே செய்யப்பட்டது. முன்பகுதி கூராக இராமல் தட்டையாக வெட்டினாற்போல இருக்கும். இது சப்பாத்தன்று, சம்மட்டி. இதனைக் கொண்டு நாட்டிய சாதனை நேர்மையானதன்று என்று சிலர் வாதித்தனர். 1977இற் புதிய விதியும் வந்தது: உதைக்குங் காலில் அணியுஞ் சப்பாத்தின் முகப்பு ஏனையோர் சப்பாத்தை ஒத்திருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம்.

இவ்வாதத்தைச் சற்று எடைபோட்டுப் பார்த்தல் நன்று. எல்லோருக்கும் ஒரே கருவி என்னும் கொள்கை விளையாட்டுக்கு இன்றியமையாததுதான். ஆனால், முழுப்பாதத்துக்கென வகுத்த சப்பாத்தைப் பாதி பாதத்தில் மாட்டுவது எங்ஙனம் சமநீதியாகும்? பிற்காலத்தில் தொலைக்காட்சி நிலையமொன்று அவ்வுதையை அறிவியல் முறையில் ஆராய்ந்தபோது, தட்டைச் சப்பாத்தால் அவருக்கு மிகுதியான பயன் கிட்டவில்லை. பந்திற் படும் பரப்புச் சிறிதாகையால் தவறுவதற்கே வாய்ப்பு அதிகம் என்ற முடிவே கிடைத்தது.

இதனினும் நோக்கத்தக்கது வேறொன்று. டெம்ப்சியின் காலத்திற் பலர் நேரே ஓடிவந்து பெருவிரல் முனையாலேயே உதைத்தனர். ஹங்கேரியிற் பிறந்த பீட் கோகொலாக் 1964இல் இவ்வாட்டத்துள் நுழைந்து, நம்மவர் உதைபந்தாட்டத்திற் செய்வதுபோலப் பக்கவாட்டில் ஓடிவந்து புறங்காலால் உதைத்துக் காட்டினார். அதன் பயன் அகன்ற பரப்பும் மிகுந்த விசையும். இன்று அனைவரும் அம்முறையையே கைக்கொள்கின்றனர். அதனை எவரும் சம்மட்டி என்று சொன்னதில்லை.

மைதானமும் மாறிற்று. முன்பு எல்லைக்கோட்டின் மேலேயே நின்ற கம்பங்கள் 1974இற் பத்து யார் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆகவே அதே 63 யார் உதைக்குப் பந்தைப் பத்து யார் முன்னே கொண்டுவர வேண்டியதாயிற்று.

டெம்ப்சியின் எண்ணைச் சிலர் சமப்படுத்தினரேயன்றி நாற்பத்து மூன்று ஆண்டுகள் எவரும் விஞ்சவில்லை. 2013இல் மட் பிரேட்டர் டென்வர் நகரில் 64 யார் உதைத்தார். கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்திலுள்ள நகர் அது. அங்கே காற்று மெலிந்தது, பந்து அதிக தூரம் செல்லும். டெம்ப்சி அதனைக் காண உயிரோடிருந்தார். பதினொரு பருவங்களில் 159 பீல்ட் கோல்களைச் சேர்த்து 1979உடன் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற அவர், 2020 ஏப்ரலிற் கொவிட் நோயால், தாம் புகழ்பெற்ற நியூ ஓர்லியன்ஸ் நகரிலேயே காலமானார். வயது 73.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஜஸ்டின் டக்கர் 66 யார் உதைத்தார். பந்து குறுக்குச் சட்டத்திற் பட்டுத் துள்ளி அப்பால் வீழ்ந்தது. ஆட்டத்தின் கடைசி உதை அது. தோற்றது மீண்டும் டெட்ரோயிட் அணி. முடிவு மீண்டும் 19க்கு 17. 2025 நவம்பரிற் காம் லிட்டில் என்னும் இளைஞர், கூரை வேய்ந்த லாஸ் வேகாஸ் அரங்கில், காற்றின் தொல்லை சிறிதுமின்றி 68 யார் உதைத்து அதனையும் கடந்தார். ரெச்சிச்சாரின் எண்ணை டெம்ப்சி ஒரே உதையில் ஏழு யார் உயர்த்தினார்; அவருக்குப் பின் வந்தோர் அனைவருஞ் சேர்ந்து ஐம்பத்தைந்து ஆண்டுகளில் உயர்த்தியது ஐந்து யார்.