வெயில் காலத்துல டயர் காத்தைக் குறைக்கலாமா? ஸ்டிக்கர் நம்பரும் ரேஸ் நம்பரும்

இஎம்ஐ, எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ்னு ஒவ்வொரு ரூபாயையும் கணக்குப் பார்க்கிற நாம, டயர்ல எவ்வளவு காத்து இருக்குன்னு கடைசியா எப்போ பார்த்தோம்? புதுக்கோட்டையில இருந்து கீரனூர் வழியா திருச்சிக்கு கார்ல வேலைக்குப் போய் வர்றவங்களுக்கு இது பணப் பிரச்சினை மட்டுமில்ல, உயிர்ப் பிரச்சினையும் கூட.

சரியான நம்பர் எங்கே இருக்கு?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா, கதவு ஓரத்துல அல்லது பில்லர்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பைக்னா செயின் கவர் பக்கத்துலயோ மேனுவல்லயோ பாருங்க. உங்க வண்டிக்கான பிஎஸ்ஐ அதுதான். டயர் ஓரத்துல 'மேக்ஸ்'னு போட்டிருக்கிறது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து காத்து அடிக்கக் கூடாது.

பல கார் ஸ்டிக்கர்கள்ல ரெண்டு வரிசை இருக்கும்: ஆள் குறைவா இருந்தா ஒண்ணு, ஃபுல் லோடுக்கு இன்னொண்ணு. குடும்பத்தோட திருமயம், ஆவுடையார்கோயில் கிளம்பும்போது ரெண்டாவது வரிசையைப் பாருங்க.

"வெயில் காலம், குறைச்சு வைங்க" சரியா?

தப்பு. காத்து குறைஞ்சா டயரோட பக்கவாட்டுச் சுவர் ஒவ்வொரு சுற்றுலயும் அதிகமா மடங்கி நிமிரும். அந்த உரசல்தான் டயரை உள்ளுக்குள்ள சூடாக்குது. நெடுஞ்சாலை வேகம், நாலு பேர் லோடு, மே மாச வெயில் மூணும் சேர்ந்தா டயர் வெடிக்கிற வாய்ப்பு கூடும். வெடிக்காம இருக்கக் காத்தைக் குறைக்கப் போய், வெடிக்கிறதுக்கு நாமளே வழி பண்றோம்.

ஸ்டிக்கர் நம்பர் குளிர்ந்த டயருக்கானது. அதாவது, வண்டி மூணு மணி நேரமாவது நின்ன பிறகு பார்க்க வேண்டிய அளவு. டயர் 10 டிகிரி சூடானா சுமார் 1.5 பிஎஸ்ஐ ஏறும். இதைக் கணக்குல வெச்சுதான் கம்பெனி நம்பரைக் கொடுக்குது. அதனால ஓட்டிட்டு வந்து பங்க்ல 37 காட்டுதுன்னு 33-க்கு இறக்காதீங்க. மறுநாள் காலையில 29, 30-தான் இருக்கும்.

சுலபமான வழி: காலையில வீட்டிலேயே கேஜ் வெச்சுப் பாருங்க. 33 வேணும், 29 இருக்குன்னா 4 குறையுது. பங்க்குக்குப் போகும்போது டயர் சூடாகி 32 காட்டினா, அதோட 4 சேர்த்து 36 அடிங்க. பங்க்ல காத்து இலவசம். சாதாரணக் காத்துலயே 78% நைட்ரஜன் இருக்கிறதால, காசு கொடுத்து நைட்ரஜன் அடிக்கணும்னு அவசியமில்ல.

பணக் கணக்கு

ஒரு உதாரணம். மாசம் 2,000 கி.மீ., மைலேஜ் 16, பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 1,50,000 ரூபாய் பெட்ரோல். நாலு டயர்லயும் 1 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2% குறையும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. 8 குறைஞ்சா 1.6%, அதாவது சுமார் 2,400 ரூபாய்.

டயர்ல போறது இதைவிட அதிகம். 20,000 ரூபாய் செட் 40,000 கி.மீ. ஓட வேண்டியது, ஓரம் தேய்ஞ்சு 30,000-லயே முடிஞ்சா, வருஷச் செலவு 12,000-ல இருந்து 16,000 ஆகும். ரெண்டும் சேர்த்து 6,400 ரூபாய். ஒரு நல்ல கேஜ் சில நூறு ரூபாய்தான்.

ரேஸ்காரங்க ஏன் குறைக்கிறாங்க?

நம்ம பக்கம் ரேஸ்னா மாட்டுவண்டிப் பந்தயம்தான். ஆனா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே மாதிரி ட்ராக்குகள்ல சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கிற ஆசை நிறைய பேருக்கு இருக்கு. அவங்க வீடியோவைப் பார்த்துட்டு ரோட்டுக்கும் அதே பிஎஸ்ஐ வைக்கிறதுதான் ஆபத்து.

ட்ராக்ல சுற்று மேல சுற்று போகும்போது டயர் நல்லா சூடாகி, குளிர்ந்த நிலையில 33 இருந்தது 41 வரைக்கும்கூட ஏறலாம். அப்போ ரோட்டைப் பிடிக்கிற பரப்பு குறையும். அதனால சூடான நிலையில எவ்வளவு இருக்கணும்னு முடிவு பண்ணி, அதுக்கேத்த மாதிரி குறைச்சு ஆரம்பிக்கிறாங்க, இல்லன்னா பிட்டுக்கு வந்ததும் இறக்குறாங்க. ஆட்டோகிராஸ் மாதிரி ஒரு நிமிஷ ஓட்டத்துல டயர் அவ்வளவு சூடாகாது. திருப்பத்துல டயர் ஓரம் மடங்காம இருக்க, அங்க பலர் ஸ்டிக்கரைவிடக் கூட்டித்தான் வைப்பாங்க. ரேஸுக்கே பொதுவான ஒரு நம்பர் கிடையாது.

ட்ராக்ல 41-ஐ 35-க்கு இறக்கிட்டு அப்படியே ஊருக்குத் திரும்பினா, டயர் குளிர்ந்ததும் 28-தான் இருக்கும். அதோட புதுக்கோட்டை வரைக்கும் நெடுஞ்சாலையில வரக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி மறுபடி அடிச்சே ஆகணும்.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

உங்க கார் பாலிசியில பயன்பாட்டு வரம்புப் பகுதியைப் படிங்க. ஒழுங்கமைக்கப்பட்ட ரேஸ், வேகச் சோதனைக்கு கவர் கிடையாது. ட்ராக்ல இடிச்சா செலவு உங்க பாக்கெட்ல இருந்துதான். சாதாரண ரோட்டுலயும் டயர் மட்டும் சேதமானா அடிப்படை பாலிசியில கிளைம் இல்ல. வண்டியும் சேர்ந்து சேதமானா டயர் செலவுல 50% வரைக்கும்தான். தேய்மானத்துக்கு ஒண்ணும் கிடைக்காது.

அதனால இந்த ஞாயித்துக்கிழமை காலையில, வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நாலு டயரையும் ஸ்டெப்னியையும் பாருங்க. அப்புறம் மாசம் ரெண்டு தடவை, நீண்ட பயணத்துக்கு முன்னாடி ஒரு தடவை. டாஷ்போர்டு வார்னிங் லைட்டை மட்டும் நம்பாதீங்க. பல வண்டிகள்ல காத்து 20, 25 சதவீதம் குறைஞ்ச பிறகுதான் அது எரியும். கேஜ் பிடிக்கிற முறையை வீடியோவுல காட்டியிருக்கோம், பாருங்க. பத்திரமா போய்ட்டு வாங்க!