தாத்தா கேமராவோடு தனுஷ்கோடிக்குப் போறீங்களா? உப்பும் மணலும் உஷார்!

பரணைச் சுத்தம் செய்யும்போது சில வீடுகளில் தோல் உறை போட்ட ஒரு பெட்டி கையில் சிக்கும். முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், மேல்மூடியைத் திறந்தால் சதுரமாக ஒரு கண்ணாடி. ஸ்டுடியோ வைத்திருந்த குடும்பம் என்றால் அது யாஷிகா மேட்டாகவோ ரோலிகார்டாகவோ இருக்கும். சாதாரண வீடு என்றால் ஒற்றை லென்ஸ் கொண்ட ஆக்ஃபா கிளிக்-3 கிடைக்கலாம். பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது '120 கேமரா'. இப்போதைய பிள்ளைகளுக்கு 'மீடியம் ஃபார்மேட்'.

பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு விஷயம். 1901-ல் கோடக் அறிமுகப்படுத்திய 120 ஃபிலிம் இன்றும் புதிதாகத் தயாராகிறது. ஊட்டி தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிம்தான் போய்விட்டது. கோடக், இல்ஃபோர்ட், ஃபோமா ரோல்கள் ஆன்லைனில் வாங்கலாம்.

ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். ஒவ்வொரு நெகட்டிவும் சாதாரண 35 எம்எம் நெகட்டிவைப்போல மூன்றரை மடங்கு பெரியது. பெரிதாகப் பிரின்ட் போட்டாலும் வலைக்கண் வரை தெரியும். ஆனால் ஃபிலிம் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்தால் ஒரு ரோல் ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும். அதனால்தான் கேமராவை எடுத்துக்கொண்டு நேராக ராமேஸ்வரம் பஸ் ஏறுவது சரியில்லை.

முதலில் வீட்டில் சோதனை

ரோல் போடாமல் பின்மூடியைத் திறந்து, ஷட்டரை 'பி'-யில் வைத்துப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். செல்போன் டார்ச்சை லென்ஸ் வழியாக அடித்தால், சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிவது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை. நடுவில் படர்ந்திருந்தால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ஸ்பிரிட், எண்ணெய் என்று நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது.

அடுத்து ஒரு நொடி, அரை நொடி வேகங்களில் ஷட்டரை இயக்கிப் பாருங்கள். பாதியில் நின்றால் உள்ளே பழைய கிரீஸ் இறுகிவிட்டது என்று அர்த்தம். 1/125, 1/250 மட்டும் ஒழுங்காக இருந்தாலே பகல் வெயிலுக்குப் போதும். 1/500 வேண்டுமென்றால் ஷட்டரை ஏற்றுவதற்கு முன்பே அந்த எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். செல்ஃப் டைமரைத் தொடவே வேண்டாம். வயதான கேமராக்கள் பல அங்கேதான் சிக்கிக்கொள்கின்றன.

யாஷிகா மேட் 124ஜி வைத்திருப்பவர்கள் அதன் மீட்டரை நம்ப வேண்டாம். அது பாதரச பேட்டரிக்குச் செய்தது, அந்த பேட்டரி இப்போது கிடையாது. செல்போனில் லைட் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

எந்தப் பக்கம் காற்று?

ராமேஸ்வரம் தீவின் இரு பக்கமும் கடல் ஒரே மாதிரி இருக்காது. வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது ஊர் வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கு அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். கேமரா கொண்டுபோகிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். கொந்தளிக்கும் பக்கத்தில்தான் உப்புச் சாரல் லென்ஸில் படியும்.

அரிச்சல்முனையில் மணல் பறப்பது கண்ணுக்கே தெரியும். அங்கே நின்று ரோல் மாற்றக் கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிழலில் மாற்றுங்கள். காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் புள்ளியோடு சரியாகப் பொருத்த வேண்டும். முடிந்த ரோலை இறுக்கிப் பிடித்தே பட்டையை நனைத்து ஒட்டுங்கள். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் ஏறி, கடைசிப் படங்கள் போய்விடும். கிளிக்-3 போன்ற கேமராக்களில் பின்பக்கச் சிவப்பு ஜன்னலை நேர்வெயிலில் காட்டாதீர்கள்.

ஹாசல்பிளாட் வாடகைக்கு எடுத்தவர்கள் 50, 80, 150 என்று மூன்று லென்ஸோடு வருகிறார்கள். இந்தக் கடற்கரைக்கு 80 ஒன்று போதும். நம் கண் பார்ப்பதுபோலவே காட்டும். லென்ஸைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பாடி, லென்ஸ் இரண்டின் ஸ்பிரிங்கும் ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். 1969-ல் நிலவுக்கே போன கேமராதான். ஆனால் அங்கே காற்றடிக்கவில்லையே!

லென்ஸில் மணல் விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். ரப்பர் ஊதுகுழல் வைத்துக்கொள்ளுங்கள். லாட்ஜுக்குத் திரும்பியதும் கேமராவின் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். உப்பை ஒரு ராத்திரி விட்டால் உலோகம் பூத்துவிடும். காலையில் ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வியர்க்கும். கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள்.

முகம் கறுத்துப் போகிறதா?

நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி - இது பழைய ஸ்டுடியோக்காரர்களின் கணக்கு. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125. தனுஷ்கோடியில் வெள்ளை மணலும் இரு பக்கக் கடலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் ஆப் குழம்பிப் போய் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும். அதைக் கேட்டால் மணல் சாம்பலாகும், மீனவர் முகம் கறுத்துவிடும். உங்கள் உள்ளங்கையை, எதிரில் நிற்பவர் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் நீட்டி, அதை அளந்து ஒரு படி கூட்டி வையுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் தாங்காது.

கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பதால் ஓடும் படகைத் துரத்தும்போது கை எதிர்ப்பக்கம் திரும்பும். தெருவில் போகும் பைக்குகளை வைத்து ஒருநாள் பழகிக்கொள்ளுங்கள். ஃபில்டரை மேல் லென்ஸில் மாட்டிவிட்டு ஏன் வானம் மாறவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. படம் எடுப்பது கீழ் லென்ஸ்தான்.

பாம்பனில் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்தையும், 1914-ல் திறந்து 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோன பழைய பாலத்தையும் எடுக்கவே பலர் போகிறார்கள். பழையதை அகற்றும் பேச்சு வந்துவிட்டதால் அவசரமும் புரிகிறது. சாலைப் பாலத்தில் லாரி போகும்போது தளம் அதிரும், ஸ்டாண்டு போட்டும் பலனில்லை. கீழே கரையில் நின்று எடுப்பதே நல்லது. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயச் சுவருக்குக் காலை வெயில் போதும். மாலையில் போலீஸார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி கிடையாது. அக்னி தீர்த்தத்தில் குளிப்பவர்களையும், பாசி எடுத்து ஈரத்தோடு கரையேறும் பெண்களையும் கேட்காமல் எடுப்பது முறையல்ல. கேட்டுவிட்டு, கண்ணாடியில் அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள்.

கழுவும்போது ஐஸ் கட்டி

கறுப்பு வெள்ளை ரோலை வீட்டிலேயே கழுவலாம். டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். ராமநாதபுரம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடச் சூடு. பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் வைத்துக் குளிரவிடுங்கள், ஐஸை உள்ளே போடாதீர்கள். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கலர் ரோலைக் கூரியரில் லேபுக்கு அனுப்பலாம். மதுரையிலிருந்து விமானத்தில் போகிறவர்கள் ரோல்களைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கேமராவோடு பழைய நெகட்டிவ்களும் கிடைத்தால் அவற்றை எரித்துவிடாதீர்கள். தமிழக ஸ்டுடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. கல்யாணப் படமும் குடும்பப் படமும்தான் அதில் பெரும்பகுதி. வீட்டில் இருப்பவற்றை பாலிதீன் கவரிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகக் காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள். உறையின் மேல் ஊர், தேதி, ஆள் பெயர் எழுதுவது பென்சிலில் இருக்கட்டும். பேனா மை கடற்கரை ஈரத்தில் ஊறிவிடும்.