மேகத்துக்குள் ஒரு கொக்கி!

நம்ம ஊர் புயல்னா எப்படி? அந்தமான் பக்கம் ஒரு சுழி உருவாகும். பேர் வைப்பாங்க. நாலைஞ்சு நாள் டி.வி-யில அதே பேச்சாக இருக்கும். அது கரையைக் கடக்கிறதுக்குள்ள நமக்கு ரெண்டு நாள் லீவுகூட கிடைச்சிடும்.

டொர்னாடோ அந்த மாதிரி இல்லை பாஸ். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஆயுள் நிமிஷக் கணக்கு. ஒரு தெருவைத் தரைமட்டமாக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் பூந்தொட்டியைக்கூட அசைக்காமல் போகும். பேர் வைக்கவெல்லாம் யாருக்கும் நேரம் இருக்காது. இப்படி ஒரு ஆசாமியை மேகத்துக்குள்ளேயே அடையாளம் கண்டுபிடிக்கணும்னா எப்படி?

அதற்குத்தான் ரேடார். டொர்னாடோ அதில் மூன்று விதமாகக் 'கையெழுத்து' போடும். அந்தக் கையெழுத்துகளை அமெரிக்கா அதிகமாகப் பார்த்த வருஷங்களில் ஒன்று 2011. அந்த வருஷ ஏப்ரலில் மட்டும் 750-க்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள். ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் 200-க்கும் மேல்!

டொர்னாடோவின் பலத்தை அது செய்த சேதத்தை வைத்து 0 முதல் 5 வரை மார்க் போடுவார்கள். 5 என்றால் மணிக்கு 320 கி.மீ-க்கு மேல் காற்று. சில வருஷங்களில் அப்படி ஒன்றுகூட வராது. அந்த ஒரே நாளில் வந்தது நாலு!

கையெழுத்து 1: கொக்கி

ரேடார் செய்வது சிம்பிள் வேலை. ரேடியோ அலையை அனுப்பும். மழைத்துளியில் பட்டுத் திரும்பி வருவதைப் படமாக்கும். லேசான மழை பச்சை, கனமழை சிவப்பு.

டொர்னாடோவைப் பெற்றெடுக்கும் ராட்சச மேகத்துக்கு 'சூப்பர்செல்' என்று பெயர். அதன் நடுவே மேலே ஏறும் காற்று சுழன்றுகொண்டே ஏறும். அந்தச் சுழற்சி மழையையும் இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொள்ளும். ரேடார் படத்தில் பார்த்தால், மேகத்தின் வால் பகுதியில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். இதை முதன்முதலில் ரேடாரில் படமாகப் பதிவு செய்தது 1953 ஏப்ரல் 9 அன்று, இல்லினாய் மாநிலத்தில். அந்த ரேடாரை வைத்திருந்தது மழையளவு ஆராய்ச்சிக்காக!

ஆனால், கொக்கி தெரிந்தாலே டொர்னாடோ என்று சொல்லிவிட முடியாது. சுழல்கிற மேகம் எல்லாம் தரையில் இறங்குவதில்லை. 'வரலாம்' என்று மட்டும்தான் கொக்கி சொல்லும்.

கையெழுத்து 2: சிவப்பும் பச்சையும்

பிளாட்பாரத்தில் நிற்கிறீங்க. எக்ஸ்பிரஸ் ரயில் ஹார்ன் அடித்துக்கொண்டே நிற்காமல் போகிறது. கிட்டே வரும்போது கீச்சென்று கேட்ட சத்தம், தாண்டிப் போனதும் கனத்துவிடும். பிளஸ் டூ-வில் படித்த அதே டாப்ளர் விளைவு!

டாப்ளர் ரேடார் இதை ரேடியோ அலையில் செய்கிறது. ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போகும் காற்று சிவப்பு. சுழலில் ஒரு பக்கக் காற்று வரும், மறு பக்கக் காற்று போகும். ஆக, அடர் பச்சையும் அடர் சிவப்பும் தோளோடு தோள் உரசி நின்றால், நடுவில் ஒருத்தர் பம்பரம் சுற்றுகிறார் என்று அர்த்தம். 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய டொர்னாடோவின் தகவல்களை அலசியபோதுதான் இது பிடிபட்டது. இந்த அடையாளம் மேகத்துக்குள் உயரத்தில் முதலில் தோன்றி, பிறகுதான் டொர்னாடோ தரையைத் தொட்டிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1990-களில் அமெரிக்கா முழுக்க டாப்ளர் ரேடார்கள் முளைத்தன.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரேடார் கதிர் நேராகப் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. 100 கி.மீ தூரம் போவதற்குள் மிகத் தாழ்வான கதிர்கூட தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றரை கி.மீ உயரத்துக்குப் போய்விடும். அதற்குக் கீழே நடப்பது ரேடாருக்குத் தெரியாது.

கையெழுத்து 3: பறக்கும் வீடு

மனசைப் பிசையும் கையெழுத்து இதுதான்.

சில சமயம் கொக்கியின் நுனியில் பந்து மாதிரி ஒரு அடர்த்தியான புள்ளி தெரியும். அது மழை இல்லை. கூரைத் தகடு, மரக்கிளை, செங்கல், பலகை என்று பிய்த்தெறியப்பட்ட ஊரே மேலே சுற்றிக்கொண்டிருக்கும். 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவின் டஸ்கலூசா நகரத்தை டொர்னாடோ கடந்தபோது அந்தப் பந்து ரேடாரில் பளிச்சென்று தெரிந்தது. அந்த ஒரு டொர்னாடோவில் மட்டும் 64 பேர் இறந்தார்கள்.

அது மழையா, இடிபாடா என்று சந்தேகமில்லாமல் சொல்ல ஒரு டெக்னிக் இருக்கிறது. அலையைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் சேர்த்து அனுப்பணும். மழைத்துளிகள் ஒரே சாயலில் இருப்பதால் இரண்டு எதிரொலிகளும் ஒத்துப்போகும். ஓடும் பலகையும் கலந்து பறந்தால் ஒத்துப்போகாது. அமெரிக்க வானிலைத் துறை தன் ரேடார்களுக்கு இந்த வசதியைப் பொருத்தத் தொடங்கியதே 2011-ல்தான். முடித்தது 2013-ல்.

அந்த இடிபாடெல்லாம் கடைசியில் எங்கே போய் விழுந்தது? ஜார்ஜியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் நாக்ஸ் தன் மாணவர்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார். அவர்களுக்குக் கைகொடுத்தது ஃபேஸ்புக்! தங்கள் தோட்டத்தில் வந்து விழுந்த போட்டோக்களையும் காகிதங்களையும் உரியவர்களிடம் சேர்க்க மக்கள் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். அதிலிருந்து 934 பொருட்களின் பயணத்தைக் கணக்கிட்டார்கள். அதிக தூரம் போன பொருள் பயணம் செய்தது 353 கி.மீ.

தெரிந்தும் ஏன்?

ஏப்ரல் 27 டொர்னாடோக்களில் மட்டும் 300-க்கும் மேற்பட்டவர்கள் பலி. அந்த வருஷம் முழுக்க 550-க்கும் மேல். ரேடார் காட்டிக்கொடுத்தும் ஏன் இத்தனை பேர்?

ஒரு காரணம், அன்றைக்குக் காலையிலேயே அடித்த முதல் சுற்றுக் காற்றில் வட அலபாமாவில் பல இடங்களில் கரண்ட் போய்விட்டது. மதியம் பெரிய டொர்னாடோக்கள் வந்தபோது டி.வி பார்க்க வழியில்லை.

இன்னொரு காரணத்தைத் தெரிந்துகொள்ள ஜாப்ளின் நகரத்துக்குப் போகணும். மிசௌரி மாநிலம், 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5.11-க்கு முதல் சைரன். 5.17-க்கு ரேடாரைப் பார்த்து எச்சரிக்கை. 5.34-க்கு டொர்னாடோ தரையைத் தொட்டது. இடையில் 17 நிமிஷம். ஓடி ஒளிய அது தாராளம். ஆனாலும் 158 பேர் இறந்தார்கள்.

வானிலைத் துறை பிறகு ஊர்க்காரர்களிடம் விசாரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் முதல் சைரனைக் கேட்டதும் நகரவில்லை. டி.வி-யைப் போட்டார்கள், வாசலில் வந்து வானத்தைப் பார்த்தார்கள். 'எப்பவும் அடிக்கிற சைரன்தானே' என்று விட்டுவிட்டார்கள். அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலகட்டத்தில் அமெரிக்காவில் விடுக்கப்பட்ட டொர்னாடோ எச்சரிக்கைகளில் நாலில் மூன்று பலிக்காமல் போனவை. முதல் இரண்டு கையெழுத்துகளும் 'வரலாம்' என்று மட்டுமே சொல்வதன் விலை அது.

அதனால்தான் மூன்றாவது கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பு. டொர்னாடோ ஒரு இடத்தை ஏற்கெனவே சிதைத்த பிறகுதான் அது தெரியும். அங்கே இருந்தவர்களுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. ஆனால், பாதையில் அடுத்து இருக்கும் ஊருக்கு, 'வரலாம் இல்லை, வந்துகிட்டே இருக்கு' என்று அடித்துச் சொல்ல முடியும். ஜாப்ளினுக்குப் பிறகு 2012-ல் கேன்சஸ், மிசௌரி அலுவலகங்களில் எச்சரிக்கையின் மொழியையே மாற்றினார்கள். ரேடாரில் சுழற்சி மட்டும் தெரிகிறதா, டொர்னாடோ உறுதியாகிவிட்டதா, என்ன சேதம் ஆகும் என்பதைப் பச்சையாகச் சொல்லும் முறை அது. பிறகு நாடு முழுக்க அதுவே வழக்கமானது.

அடுத்த மழைக்காலத்தில் யாராவது உங்களுக்கு ரேடார் படம் ஃபார்வர்டு பண்ணுவாங்க. 'நாளைக்கு லீவா?' என்று கேட்பதற்கு முன்னாடி, எந்த இடத்தில் சிவப்பு இருக்கு, அங்கே நம்ம ஆட்கள் யார் இருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க. ஒரு போன் போட அந்த 17 நிமிஷம் போதும்.