தோலால் கெடும் நுணல்

குரல் எழுப்பித் தன்னைப் பாம்புக்குக் காட்டிக்கொடுக்கும் நுணலைப் பற்றி நம் முன்னோர் பழமொழி சொல்லி வைத்தனர். இன்று நுணலைக் கெடுப்பது அதன் வாயன்று, தோல்.

தவளை வாயால் நீர் பருகுவதில்லை. ஈர மண்ணில் அடிவயிற்றைப் பதித்து, தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நமது தோலின் மேற்புறத்தில் இறந்த செல்கள் பல அடுக்குகளாக அரண் அமைத்திருக்கின்றன. தவளைக்கோ அத்தகைய அடுக்கு மிக மெல்லியது. அதன் கீழே உயிருள்ள செல்கள். அவற்றை அடுத்துக் குருதி நுண்குழாய்கள். உட்தோலில் உள்ள சளிச் சுரப்பிகள் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்கின்றன. அந்த ஈரத்தில் கரையும் ஆக்சிஜன் குருதியில் கலக்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. நச்சுச் சுரப்பிகள் பகைவரிடமிருந்து காக்கின்றன.

உப்பைப் பேணுவதும் தோலின் பணியே. தவளைத் தோலை இரு கலன்களுக்கிடையே பொருத்தி மின்னோட்டத்தை அளந்த டென்மார்க் அறிஞர் ஹான்ஸ் உஸ்ஸிங், அதன் செல்கள் ஆற்றலைச் செலவிட்டுச் சோடியத்தை உள்ளிழுப்பதை 1951-இல் நிறுவினார். நம் குடலும் சிறுநீரகமும் உப்பைக் கையாளும் விதத்தை அறியவும் அந்தச் சோதனை துணைநின்றது.

இந்தச் செல்கள் பழுதானால் என்ன நேரும்? கைட்ரிட் என்னும் பூஞ்சை தோலைத் தாக்கும்போது குருதியில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து, தவளையின் இதயம் நின்றுவிடுவதை 2009-இல் ஆய்வாளர்கள் விளக்கினர். உலகின் நீர்நில வாழ்விகளில் ஏறத்தாழ 41 விழுக்காடு இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக 2023-ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது.

இது தொலைதூரச் செய்தியன்று. ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரை பொங்கி வழிவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலுள்ள சலவைப் பொருள்களுமே அந்த நுரைக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அதே ஆறுதான் ஊத்தங்கரை வட்டத்தின் அனுமன்தீர்த்தத்தையும் தொட்டுச் செல்கிறது. சலவைப் பொருள் கொழுப்பைக் கரைக்கும் தன்மையுடையது. செல்லின் சவ்வோ கொழுப்பால் ஆனது. நமக்கு அழுக்கு நீக்கும் பொருள், தவளைக்கும் தலைப்பிரட்டைக்கும் உயிர்த்திரையைச் சிதைக்கும் பொருளாகலாம்.

வயல்களின் களைக்கொல்லியும் இதற்கு விலக்கன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபென்ஜல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் நிலத்தில் கிடப்பதை எல்லாம் ஏரிக்குக் கொண்டு சேர்க்கும்.

எனவே கழிவுநீரை ஆற்றில் கலக்கும் முன்பே சுத்திகரிப்பதை இரு மாநிலங்களும் உறுதிசெய்ய வேண்டும். தெளிப்பான்களை ஏரியிலும் வாய்க்காலிலும் கழுவும் வழக்கத்தை உழவர்கள் கைவிட வேண்டும். நீரின் தரத்தை ஆய்வோர், மழைக்குப் பின் எழும் தவளைக் குரல்களையும் ஆண்டுதோறும் பதிவு செய்யலாம். செலவில்லாத கண்காணிப்பு அது.

நாம் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கும் நீரைத் தவளை தன் உடல் முழுவதாலும் குடிக்கிறது. ஏரிக்கரையில் அதன் குரல் குறையுமானால், அந்த ஊர் தன் நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள்.