வெள்ளம் வருமுன்

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சொல்லுதற்கு எளிதாகிய இம்மொழி செய்தற்கு அரிது. வெள்ளம் வந்தபின் வாரி வழங்குவார் பலர்; வாராத வெள்ளத்திற்காக இன்றே பொருள் செலவிடத் துணிவார் சிலரே. அங்ஙனம் துணிந்த ஒரு நாட்டின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஐரோப்பாவின் வடமேற்கில், கடலோரத்தில் அமைந்தது நெதர்லாந்து. முற்காலத்தில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் புரிந்த ஒல்லாந்தரின் தாயகம் இதுவே. இந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்தினும் தாழ்ந்தது. ரைன், மாஸ் என்னும் ஆறுகளும் இந்நிலத்தின் வழியாகவே கடலை அடைகின்றன. ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆறும் நெருக்க, கரைகளே இம்மக்களுக்குக் காப்பாயின. அவற்றைப் பேணுதற்கென்றே நீர் வாரியங்கள் பல நூற்றாண்டுகளாக அங்கு இயங்கி வருகின்றன.

ஆயினும் ஒருமுறை காவல் தவறியது. கரைகள் தாழ்ந்தும் மெலிந்தும் உள்ளன என்று யோகான் வான் வேன் என்னும் பொறியாளர் எச்சரித்தார். இரண்டாம் உலகப் போரும், போரழிவைச் சீர்செய்யும் பணியும் நாட்டின் பொருளை விழுங்கின, கரைகள் உயரவில்லை. 1953 ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதி இரவில், வடகடலில் வீசிய புயல் கடல்நீரைக் கரைமேல் தள்ளியது. கரைகள் உடைந்தன. உறங்கிக்கிடந்த ஊர்களுள் நீர் புகுந்தது. 1,836 பேர் உயிரிழந்தனர்.

அரசு மூன்று வாரங்களுக்குள் டெல்டாக் குழுவை அமைத்தது. கரையை உயர்த்த ஆகும் செலவையும், உயர்த்தாவிடின் நேரும் இழப்பையும் வான் டான்சிக் என்னும் கணித அறிஞர் சீர்தூக்கிப் பார்த்தார். 1958 இல் டெல்டாச் சட்டம் பிறந்தது. கழிமுகங்களின் குறுக்கே அணைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்றான கிழக்குச் செல்டு முகத்தை முற்றும் அடைத்துவிட முதலில் எண்ணினர். அடைத்தால் சிப்பி வளர்ப்போர் வாழ்வு கெடும், கடல்வாழ் உயிர்கள் மடியும் என்று மக்கள் முறையிட்டனர். செலவு மிகும் என்பதை அறிந்தும் அரசு தன் திட்டத்தை மாற்றியது. 1986 இல் திறக்கப்பட்ட அத்தடுப்பில் 62 கதவுகள் உள்ளன. நாள்தோறும் அவை திறந்திருந்து கடலைப் புகவிடும். பெரும்புயல் வரின் மூடிக்கொள்ளும்.

கடலுக்கு அரண் அமைந்தது; ஆறு எஞ்சி நின்றது. 1995 ஆம் ஆண்டில் ஆறுகள் பெருகவே, ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் இல்லம் விட்டு நீங்க நேர்ந்தது. மேலும், நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் நிலவுலகம் வெப்பமுற்று வருகிறது. வெப்பத்தால் கடல்நீர் விரிகிறது. பனிப்பாறைகள் உருகி அதனொடு சேர்கின்றன. கடல் மட்டம் உயர்கிறது. பெருமழையும் மிகுகிறது. இந்நிலையில் கரைகளை மேன்மேலும் உயர்த்திக்கொண்டே போதல் தகுமா? கரை உயருந்தோறும், அது உடையும் நாளில் விளையும் கேடும் பெரிதாகும் அன்றோ?

ஆதலின், 'ஆற்றுக்கு இடம்' என்னும் திட்டத்தை 30க்கு மேற்பட்ட இடங்களில், 230 கோடி யூரோ அளவில் மேற்கொண்டனர். நைமேகன் நகருக்கு எதிரே ஆற்றங்கரையை 350 மீட்டர் பின்னே தள்ளி, புதிய கால்வாய் ஒன்றை வெட்டினர். அதற்காக ஏறத்தாழ 50 வீடுகள் அகற்றப்பட்டன. பிறந்து வளர்ந்த மனையைப் பிறர் நலத்திற்காக விட்டு நீங்குதல் எளிதோ? ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்திலோ, உழவர்களே ஒரு வழி கண்டனர். பெருவெள்ளத்தின்போது தம் வயல்களில் நீர் புக இசைந்தனர். எட்டு மேடுகளின்மேல் வீடும் தொழுவமும் புதிதாக அமைத்துக்கொண்டனர். எல்லார்க்கும் அங்கு இடம் இல்லாமையால் சிலர் வேறிடம் சென்றனர்.

இப்பணி ஓர் ஆட்சியோடு முடிவதன்று. ஆதலின், 2012 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இதற்கெனத் தனி ஆணையரும் தனி நிதியும் உண்டு. ஆண்டுதோறும் நூறு கோடி யூரோவிற்கு மேற்பட்ட தொகை அந்நிதியில் ஒதுக்கப்படுகிறது. 2050 ஆம் ஆண்டிற்குள் முதன்மைக் கரைகள் யாவும் புதிய அளவுகளுக்கு ஒத்தனவாதல் வேண்டும் என்பது அவர்தம் குறிக்கோள்.

மாணவர்களே! உடைந்த கரையை யாவரும் காண்பர். உடையாது நின்ற கரையை நினைப்பார் அரியர். வெள்ளம் வாராத ஆண்டில் செலவிட்ட பொருள் வீண் என்று தோன்றலாம். அவ்வாறு தோன்றியே முன்னொருகால் கரைகள் தாழ்ந்து கிடந்தன. அதன் விலை 1,836 உயிர்கள். வருவதை முன்னறிதலும், அறிந்தவர் சொல்லைக் கேட்டலும், இழப்போர் குறையைக் கேட்டு நீக்குதலும், இடையறாது பொருள் ஒதுக்குதலும் ஆகிய இந்நான்கும் ஒருங்கே அமைந்த நாடு, மாறிவரும் பருவத்தையும் எதிர்கொண்டு நிற்கும்.